ஒரு கீறல்கூட இல்லாதவர்

"பூனை கீறிடுச்சா? தலைவரே, அந்தப் பூனைக்கு நகத்துல சிவப்புச் சாயம் பூசிவிட்டது யாரு?"

காவலாளி கில்சுவின் கேள்வி காதில் விழாதது போல் போங் தேசிக் உப்புத்தாளால் பம்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஹன் நதிக்கரையில் எட்டுக் கட்டடங்கள், ஒவ்வொன்றும் பதினைந்து மாடி. அத்தனை குடியிருப்புக்கும் அவர்தான் சங்கத் தலைவர். மறுபடியும் தலைவராவதற்கு அன்று மூன்று மணிக்குத் தேர்தல். எல்லா லிஃப்ட்டிலும் அவர் படம் சிரித்தது. படத்துக்குக் கீழே, 'நாற்பது வருடம் வண்டி ஓட்டியும் ஒரு கீறல்கூட இல்லை; அதே கையில் சங்கத்தைக் கொடுங்கள்' என்று கொட்டை எழுத்து.

கீறல் இப்போது அவருடைய வெள்ளை வண்டியில் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. சிவப்பாக. அந்த வளாகத்தில் வெள்ளை, கறுப்பு, சாம்பல் தவிர வேறு நிறத்தில் ஒரே ஒரு வண்டிதான் உண்டு. அது அவரை எதிர்த்து நிற்கும் ஓக் மிரானின் சிவப்பு வண்டி.

நேற்று மாலை வண்டியை உள்ளே நுழைத்தபோது 'க்ரீச்' என்று ஒரு சத்தம் கேட்டது. செடிதான் என்று நினைத்து மாடிக்குப் போய்விட்டார். இடிக்கப்போகிறாய் என்று கத்தும் கருவியை வண்டி வாங்கிய அன்றே அணைத்துவைத்திருந்தார். அவரைப் பார்த்து ஒரு மெஷின் கத்துவதா?

"பட்டறையில விட்டா ரெண்டு நாள் ஆகும். பட்டறைக்காரன் வாய்க்கு ரெண்டு நிமிஷம் போதும், ஊருக்கே சொல்லிடுவான்" என்றார் தேசிக். "நானே சாயம் அடிச்சுக்கிறேன். வீடியோ பாத்தேன். பத்து நிமிஷ வேலை."

அந்தப் பத்து நிமிஷ வேலை மூன்றாவது மணி நேரமாக நடந்தது. முதல் பூச்சு மெழுகுவர்த்தி மாதிரி வழிந்தது. இரண்டாவது பூச்சு காய்வதற்குள் மே மாதத்துப் பைன் மகரந்தம் பறந்து வந்து அப்பிக்கொண்டது. பம்பர், சோயா மாவில் புரட்டியெடுத்த அரிசிக் கொழுக்கட்டையாகிவிட்டது.

"வண்டிக்கு அம்மை போட்டிருக்கு தலைவரே."

"வாயை மூடிக்கிட்டுக் குடையைப் பிடி."

தன்னைவிட ஏழு வயது மூத்த கில்சுவைத் தேசிக் இப்படித்தான் அதட்டுவார். ஒரு வாளி நகர்த்தச் சொன்னாலே இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் கில்சு, அன்று கேட்காமலே குடை பிடித்தார். ஒட்டுத்தாள் கொண்டுவந்தார். சாய டப்பாவைக் குலுக்கிக் குலுக்கிக் கொடுத்தார். சாயம் தெறிக்காமல் வண்டியை மூடச் செய்தித்தாள் தீர்ந்துபோய் விளக்கு மட்டும் மிச்சமிருந்தபோது, சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுத்து உள்பக்கமாக இருக்கும்படி விளக்கின்மேல் ஒட்டினார்.

"என்னது அது?"

"பழைய காகிதம். இனிமே வேலைக்காகாது."

அப்போதுதான் ஓக் மிரான் வந்தார். தேசிக் எழுந்த வேகத்தில் முழங்கால் இரண்டும் பட்டாசாய் வெடித்தன. பம்பருக்கு முன்னால் பந்தைத் தடுக்கும் கோல்கீப்பர் போல் கையை விரித்து நின்றார்.

"என்ன தலைவரே, வண்டிக்கு ஒப்பனை பண்றீங்களா? அதுவும் ஓட்டுப் போடுமா?"

"சும்மா... தூசு தட்டறேன்."

"தட்டுங்க, தட்டுங்க." மிரான் கில்சுவிடம் திரும்பினார். "இடமில்லாம நேத்து ராத்திரி மத்த வண்டிங்களுக்குக் குறுக்கதான் நிறுத்தினேன். ப்ரேக் போடலை. யாராவது வெளிய எடுக்கணும்னா எப்பவும்போலத் தள்ளிவிட்டுடுங்கண்ணே. பாத்து. போன வருஷம் தள்ளும்போது ஒரு கண்ணாடி ஒடைஞ்சதுக்குத் விதின்னு சொல்லித் தலைவர் ஒரு காவலாளியை அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பினாரு. நான் ஜெயிச்சா மொதல்ல அந்த விதியைத்தான் தூக்குவேன்."

"விதின்னா விதிதான்" என்றார் தேசிக், கையை மடக்காமல்.

மிரான் போனதும் அவருக்கு வியர்வை வழிந்தது, முதல் பூச்சைவிட நன்றாகவே. "அவ வண்டியில என் வெள்ளை ஒட்டியிருக்குமேய்யா. பாத்துட்டான்னா?"

"காலையிலேயே துடைச்சிட்டேன் தலைவரே. பற்பசை போட்டுத் தேச்சேன். பளிங்கு மாதிரி இருக்கு."

தேசிக் உப்புத்தாளைக் கீழே வைத்தார். அந்த வளாகத்தில் அவருக்காக ஒரு மனிதன் துரும்பைக் கிள்ளிப்போட்டது அதுவே முதல் தடவை. "ஏன்யா எங்கிட்ட சொல்லலை?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னுதான்."

"கில்சு, நான் தலைவரா இருக்கற வரைக்கும் உன் வேலையில எவனும் கைவைக்க முடியாது."

"மறந்திருவீங்க தலைவரே. எழுதிக் குடுத்திட்டா நல்லது."

தேர்தல் நோட்டீஸின் பின்பக்கத்தில் அப்படியே எழுதி, பையிலிருந்த முத்திரையையும் குத்திக் கொடுத்தார் தேசிக். ஐந்தாவது பூச்சு ஒருவழியாகப் படிந்தது. பத்தடி தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டால், கீறல் தெரியவே தெரியாது.

நான்கு மணிக்கு வளாகத்து ஒலிபெருக்கியெல்லாம் அவர் குரலில் அலறியது. "இது ஒரு கீறல்கூட இல்லாத நேர்மைக்குக் கிடைத்த வெற்றி."

வெற்றி பெற்றவரின் முத்திரைக் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கில்சு வண்டி விளக்கின் மேலிருந்த மற்ற காகிதத்தை மெல்ல உரித்தார். வெளிப்பக்கம் முழுக்க வெள்ளைச் சாயம். உள்பக்கத்தில் அன்று காலை அவர் எழுதிய எழுத்து அப்படியே இருந்தது:

'தலைவர் அவர்களுக்கு, இன்று காலை ஆறு மணிக்குச் சிவப்பு வண்டியைத் தள்ளியபோது அது என் கையை மீறி உருண்டு, நின்றுகொண்டிருந்த உங்கள் வண்டியில் இடித்துவிட்டது. விதிப்படி நானே வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.'