மினசோட்டாவுக்கு வந்த கறிவேப்பிலை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. டெக்சாஸிலிருந்து காரில் வந்த கறிவேப்பிலைச் செடியை மினசோட்டா வீட்டு ஜன்னலோரம், கற்றாழைக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

"எந்த ஊர்டி தேவலை?" என்று கேட்டது கற்றாழை.

"அங்கே வெயிலில் கிடுகிடுவென்று வளர்ந்தேன் அக்கா. ஆனால் தெருவே வந்து பறித்துக்கொண்டு போகும். இங்கே பறிக்க ஆளில்லை, குளிர்தான் கொல்கிறது."

"அசடே, குளிர் கொல்லாது. வீட்டுக்காரி ஆசையாக ஊற்றும் புளித்த மோர்தான் கொல்லும். இந்தக் குளிரில் மண் காயாமல் வேர் அழுகிவிடும். உனக்கு முன்னால் இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். மொட்டையாக நின்றால் மட்டும், கோடையில் துளிர்க்கட்டும் என்று சும்மா விடுவாள்."

இன்னொரு ஊருக்குப் போகச் செடிக்குத் தெம்பில்லை. மோர்ச் செம்பு வருவதற்குள், யாரும் பறிக்காத இலைகளையெல்லாம் தானே உதிர்த்துவிட்டு நின்றது.