ஒத்தக் கை வேலை

"ரெண்டு கையாலே தொடக் கூடாது. துரையோட உத்தரவு. ஒத்தக் கையாலே பாய்மரத்தைத் தூக்கணும், ஒத்தக் கையாலே இறக்கணும்" என்றார் துரையிடம் கணக்கு எழுதும் கிராணி ராதாகிருஷ்ணன், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடி.

கிள்ளான் ஆற்றங்கரையில் நின்ற ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துரை புதிதாக வாங்கிய சின்னப் பாய்ப் படகு துறையில் ஆடிக்கொண்டிருந்தது. பாலத்துக்கு அடியில் போகும்போதெல்லாம் அதன் மரத்தைச் சாய்க்க வேண்டும், தாண்டியதும் நிமிர்த்த வேண்டும். அதற்குத்தான் ஆள்.

"துரைக்குக் கிறுக்கு லா! அல்லா எதுக்கு ரெண்டு கை கொடுத்தான்?" என்றான் கௌஸ்.

"பிடிக்கலைன்னா போ. மாசம் பதினெட்டு வெள்ளி. இந்தக் காலத்துலே எவன் தர்றான்?"

உண்மைதான். ரப்பர் விலை விழுந்து, வேலையில்லாதவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம் அது. சனிக்கிழமைக் கப்பலுக்கு, ஐந்து பேரில் ஒருவனான அய்யாவுவின் பெயரையும் எழுதிவிட்டார்கள். நிறைமாதமாக இருந்த மனைவி இராஜம்மாவைக் கப்பலில் ஏற்ற முடியாது. விட்டுவிட்டுப் போகவும் அவனுக்கு மனசில்லை.

ஐந்து பேருக்கும் இடது கையை இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டார் கிராணி. அய்யாவுவிடம் வந்ததும், "என்னய்யா, கை இப்படிச் சில்லுன்னு இருக்கு! பயமா?" என்றார்.

"பயந்தான் கிராணியாரே."

கௌஸ் முதலில் இறங்கினான். மரத்தைத் தோளில் தாங்கிப் பாதி தூக்கினான். அது பக்கவாட்டில் திரும்பி அவனை ஆற்றில் தள்ளியது.

"குளிக்கணும்னா சொல்லியிருக்கலாமே பாய்!" என்று கரையில் ஒருவன் கத்தினான். அடுத்து அவனும் விழுந்தான். மற்ற இருவரும் பாதியிலேயே கைவிட்டார்கள்.

துரையின் கார் வந்து நின்றபோது அய்யாவு படகில் இருந்தான். அவன் மரத்தைத் தொடவே இல்லை. மர உச்சியில் கட்டியிருந்த கயிற்றை முன்பக்கத்துக் கப்பியில் கோத்தான். ஒரு முழம் இழுப்பான். காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு கையை நகர்த்துவான். மறுபடி ஒரு முழம். மரம் மெல்ல எழுந்து நின்றது. கயிற்றை முளையில் சுற்றி, பல்லால் முடிச்சை இறுக்கினான். பிறகு முடிச்சை அவிழ்த்து, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டு, மரத்தைச் சத்தமில்லாமல் படுக்க வைத்தான்.

துரை கைதட்டினார். பிறகு கிராணியிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். கிராணியின் முகம் வெளுத்தது.

அய்யாவு கரையேறி வந்தான். "வேலை இல்லையா கிராணியாரே?"

"உனக்குத்தான்யா வேலை. நாளைக்கே வந்துடு. இனி உனக்குக் கப்பலும் இல்லை, ஒண்ணும் இல்லை." கிராணி குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் ஏன் கையைக் கட்டியிருக்கீங்கன்னு துரை கேக்கறார். அவர் எழுதினது 'சிங்கிள் ஹேண்டட்'. துணைக்கு ஆள் இல்லாம தனியாச் செய்யணும்னு அர்த்தமாம். நான்தான் ஒத்தக் கைன்னு சொல்லித் தொலைச்சுட்டேன். மன்னிச்சுக்கப்பா. கட்டை அவிழ்த்துடறேன், இனி ரெண்டு கையாலேயும் தாராளமா செய்."

அய்யாவு நெஞ்சு நிறைய மூச்சு விட்டுச் சிரித்தான்.

"அவிழ்த்தாலும் ஒண்ணுதான் கிராணியாரே. போன வருஷம் கப்பல்லே மூட்டை சரிஞ்சு விழுந்ததிலேருந்து அந்தக் கை அசையறதே இல்லை. நீங்க மட்டும் சரியாச் சொல்லியிருந்தா, இந்த வேலை கௌஸுக்குப் போயிருக்கும்!"