இருபத்தேழாம் நம்பர் ஷட்டர்

அக்காவிடம் இடமில்லை என்று சொல்லிவிட்டு டிவி மெக்கானிக் போனை வைத்தார். உடனே மனைவி, "இந்த வீட்டை வித்துடலாமா?" என்றாள்.

அவருக்குச் சுருக்கென்றது.

அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தனிக்கட்டை. குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், மாசக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். "ஒரு கட்டில் போட இடம் இருந்தாப் போதும்டா" என்றுதான் கேட்டாள்.

"இங்க எள்ளு போட்டா எள்ளு விழாதுக்கா" என்று அவர் சொன்னது பொய்யில்லை. வீட்டில் இரண்டே படுக்கையறை. இரண்டாவதற்குள் ஆள் நுழைந்து பத்து வருஷம் ஆகிறது. செத்துப்போன டிவிகள், வயிறு திறந்த ரேடியோக்கள், ஃபேன் மோட்டார்கள், வயர் சுருள்கள். எல்லாம் ஒரு நாள் உதவும்.

"எதுக்கு விக்கணும்?"

"இடம் பத்தலைன்னு இப்பத்தானே சொன்னீங்க. இதைக் கொடுத்துட்டுப் பெருசா ஒண்ணு வாங்குவோம்."

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கூடப் பிறந்தவள் தெருவில் நிற்கப் போகிறாள், இவளுக்குப் பெரிய வீடு கேட்கிறது. நாத்தனார் என்றால் அவ்வளவுதான் போலிருக்கிறது. அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்து ஜெயித்ததாகச் சரித்திரமும் இல்லை.

மறுநாளே ஒரு வீட்டுத் தரகர் அம்மாளை அழைத்து வந்துவிட்டாள். அந்த அம்மாள் இரண்டாவது அறைக் கதவை ஒரு சாண் திறந்தார். அதற்கு மேல் அது திறக்காது.

"சார், இது ரூமா, கப்பல் கவிழ்ந்த இடமா?"

"எல்லாம் வேணும்ங்க."

"வேணும்னா தூக்கிப் போட வேண்டாம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஸ்டோரேஜ் அறை வாடகைக்குத் தர்றாங்க. ஷட்டர் அவங்களது, பூட்டு உங்களது. அங்க கொண்டுபோய் அடுக்குங்க. வாங்க வர்றவங்க வீட்டைப் பாக்கணும், உங்க ரேடியோவை இல்லை."

வேனில் எட்டு நடை ஆயிற்று. எதிர் ஷட்டருக்குள் யாரோ வாடகைக்கு விடும் நாற்காலிகள், பக்கத்து ஷட்டருக்குள் வெளிநாடு போன குடும்பத்தின் சோபா. இருபத்தேழாம் நம்பர் ஷட்டர் அவருடைய பத்து வருஷத்தையும் ஏப்பம்கூட விடாமல் விழுங்கியது. இரும்பு அலமாரியில் வரிசையாக அடுக்கும்போது, ஆறு வருஷமாகத் தேடிய சோல்டரிங் அயர்ன் கிடைத்தது. அவருக்குச் சந்தோஷம்தான். காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்த அறைக்கு ஒரு ஜன்னல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஒரு கண்ணாடிக்காரப் பெண்ணைத் தரகர் கூட்டி வந்தார். அவள் சமையலறையை எட்டிப் பார்க்கவில்லை, குழாயைத் திறந்து பார்க்கவில்லை. நேரே இரண்டாவது அறைக்குப் போனாள். ஜன்னலைத் திறந்தாள். அடிமேல் அடி வைத்து அளந்தாள்.

"இங்க எங்கம்மாவுக்குக் கட்டில். அந்த மூலையில பீரோ. காலை வெயில் நேரா கால்மாட்டுல விழும். வயசானவங்களுக்கு வேற என்ன வேணும்?" அவர் பக்கம் திரும்பினாள். "இவ்வளவு தாராளமான வீட்டை ஏன் சார் விக்கிறீங்க?"

மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தார். வெயில் விழுந்த தரையைப் பார்த்தார்.

"விக்கலை" என்றார்.

"சார்?" என்றார் தரகர்.

"விக்கலைங்க. இது எங்கக்கா ரூம்."

"என்னங்க இது, வந்தவங்க முன்னாடி..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு. நம்மகிட்ட இல்லாதது இடமில்லை, மனசு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஜெயித்த முதல் வாதம் அது. அவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். அவர் நெஞ்சு விரிந்ததில் சட்டைப் பித்தான் தெறிக்காததுதான் பாக்கி.

அந்த வாரமே அக்கா வந்துவிட்டாள், இரண்டு பெட்டியோடு. கட்டிலை அவரே மாடியேற்றினார்.

"உன் பொண்டாட்டி ஒண்ணும் சொல்லலையாடா?"

"என்ன சொல்லுவா? ஒரு வார்த்தை சொன்னேன், கப்சிப்."

தரகர் விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. பாவம், அலைந்த அலைச்சலெல்லாம் வீண். நேரில் போய் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அவருடைய அலுவலகத்துக்குப் போனார்.

வாசல் மேஜையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள் அந்தக் கண்ணாடிக்காரப் பெண். அவரைப் பார்த்ததும் பாதி எழுந்தாள்.

"வேற வீடு அமைஞ்சுதாம்மா?" என்று கேட்டார் அவர்.

உள்ளிருந்து வந்த தரகர் சிரித்துவிட்டார். "அவளுக்குச் சொந்த வீடே இருக்கு சார். என் தங்கச்சி. இங்கதான் வேலை பாக்கிறா."

"அப்ப அன்னைக்கு வாங்க வந்தது?"

"வாங்க வரலை. உங்க ரூமை உங்களுக்குக் காட்ட வந்தா."

"யாரு, எங்கக்கா ஏற்பாடா?"

"அவங்களை எனக்குத் தெரியவே தெரியாது. உங்க வீட்டம்மாதான். நாத்தனாரைக் கூப்பிட்டு வெச்சுக்கணும்னு மூணு வருஷமா உங்ககிட்டக் கேக்கிறாங்களாமே. 'அந்த ரூம்ல கை வைக்காதே'ன்னு ஒரே பதில்தான் சொல்லுவீங்களாம்."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். தரகர் ஒரு தம்ளர் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொண்ணும் சொன்னாங்க. 'முடிவு அவரே எடுத்ததா இருக்கட்டும், அதுதான் அவருக்கும் அவங்கக்காவுக்கும் கௌரவம்'னு. அதனால சார், இன்னைக்கு நீங்க இந்தப் பக்கம் வரவே இல்லை."