மனதாரக் கேளுங்கள்

தேர்வுக்குக் கிளம்பி நின்ற மகளின் ஹால் டிக்கெட் பிரிண்டரில் வரவில்லை. கம்ப்யூட்டர் 'பிழை' என்றே காட்டியது. "எதையாவது நோண்டி வச்சிருப்ப, மூதேவி!" என்று மனைவி பிரமிளாமேல் பாய்ந்த ஞானசேகர், அந்தக் கோபத்திலேயே "சனியனே!" என்று பிரிண்டரையும் ஓங்கித் தட்டினார்.

"காகிதம் கோணலாக இருக்கிறது," என்றது பிரிண்டர். "என்னைத் திட்டிவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்டால் அச்சிடுகிறேன்."

காகிதத்தை வைத்தவர் அவர்தான். சரிசெய்துவிட்டு, "சாரி" என்று முணுமுணுத்தார்.

"மனதாரக் கேளுங்கள்."

மகள் வாட்சைப் பார்த்தாள். ஞானசேகர் குனிந்து, "தப்பு என்மேலதான். அவசரத்துல வாய் தவறிடுச்சு. மன்னிச்சிடும்மா," என்றார், குரல் குழைய.

ஹால் டிக்கெட் வந்தது. மகள் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"உங்களுக்கு இவ்வளவு நல்லா கேக்க வருமா?" என்றாள் பிரமிளா. அவள் குரலில் கோபமில்லை. நிஜமான ஆச்சரியம்தான் இருந்தது.

ஞானசேகர் அவள் பக்கம் திரும்பினார். அவளிடமும் மன்னிப்புக் கேட்டுவிட வாயெடுத்தார். வந்ததெல்லாம் பிரிண்டரிடம் சொன்ன அதே வார்த்தைகள். அவற்றை இவளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

அவள் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போனாள்.