நூகா உட்கார்ந்த இடம்

வாரைக் கழற்றிய பிறகும் நூகா நகரவில்லை. வஜ்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"யல்லா, போடி. இன்னிக்கு உன் இஷ்டம்," என்றான்.

இஷ்டம் என்றால் என்னவென்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தெற்கு லெபனான் வயல்களில் புதைந்த குண்டுகளைத் தேடிய நாய். கட்டிய கயிற்றை ஒட்டி நேராகப் போக வேண்டும், நேராகத் திரும்ப வேண்டும். வெடிமருந்து வாசம் அடித்தால் அங்கேயே உட்கார வேண்டும். போன வாரம்தான் ஓய்வு கொடுத்து, அதை வேலைக்கு நடத்திய வஜ்தியிடமே விட்டிருந்தார்கள்.

சாலையோரக் கல் சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள் அவன் மனைவி இப்திசாம்.

வஜ்தியும் நூகாவும் நின்ற ஒலிவத் தோப்பு அவள் அப்பா அவளுக்கு விட்டுப்போனது. காய் பறிக்கப் போன அவள் தம்பி இங்கேதான் ஒரு காலை இழந்தான். அதற்குப் பிறகு வேறொரு குழு வந்து, தோப்பு முழுக்கக் குண்டுகளைத் தேடி எடுத்து, ஆபத்தைக் காட்டச் சிவப்பு அடித்த எல்லைக் கற்களையும் அள்ளிக்கொண்டு போனது. அவள் மட்டும் சுவரைத் தாண்டவில்லை. காய்கள் பழுத்து, உதிர்ந்து, மண்ணோடு போயின. இந்த வருஷமும் இப்படியென்றால் தோப்பை விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"உங்க ஆளுங்க பேச்செல்லாம் எனக்கு வேணாம். உன் நாய் எங்கயும் உக்காராம சுத்தி வரட்டும், நான் உள்ள வர்றேன்," என்று காலையிலேயே சொல்லிவிட்டாள்.

இதெல்லாம் ஒரு சோதனையே இல்லை என்று வஜ்திக்குத் தெரியும். ஆனால் அவளோடு வாதாடி ஜெயித்தவன் அந்த ஊரிலேயே கிடையாது.

நூகா கிளம்பியது. நேராகப் போனது. ஒரு முழம் தள்ளி, நேராகத் திரும்பி வந்தது. மறுபடி நேராகப் போனது.

அடிப்பாவி, வேலைதான் முடிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டான் வஜ்தி.

நாலாவது நடையில் ஏதோ ஒரு வாசம் அதன் மூக்கைப் பிடித்து இழுத்தது. முள்ளெலியோ, ஆட்டுப் புழுக்கையோ. கோடு கோணியது. ஒரு புதருக்குள் தலையை விட்டுத் தும்மியது. காய்ந்த காட்டு ஓமத்தில் முகத்தைத் தேய்த்தது. ஒரே கல்லை மூன்று பக்கமும் முகர்ந்துவிட்டு, மறந்ததை எடுக்க வந்தவள்போல நாலாவது பக்கத்துக்குத் திரும்பி வந்தது. வால் ஆடியது. வேலை நேரத்தில் அந்த வால் ஆடி அவன் பார்த்ததே இல்லை.

வஜ்தி பின்னாலேயே போனான். கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. சந்தோஷத்தில் சுவர்ப் பக்கம் பார்க்கவே மறந்துபோனான்.

தோப்பின் நடுவில் இருக்கும் கிழட்டு மரத்தடியில் நூகா நின்றது. மண்ணை முகர்ந்தது. பின்புறம் மெல்லத் தாழ்ந்தது.

உட்கார்ந்துவிட்டது.

வஜ்தி இருந்த இடத்திலேயே நின்றான். நாயிடமிருந்து கண்ணை எடுக்காமல், "இப்திசாம், அங்கயே நில்லு," என்றான்.

நூகா எழுந்தது. பின்னங்கால்களால் மண்ணை வாரி இறைத்தது. மரத்தடியில் ஈரம் பளபளத்தது.

வஜ்திக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. தேடும் நிலத்தில் நூகா ஒருநாளும் ஒன்றுக்கு இருந்ததில்லை. அது கண்டிப்பான பாடம். அதற்கெல்லாம் வண்டிக்குப் பின்னால்தான் இடம். வேலை இல்லாத வெறும் மண்ணில்தான்.

இது வெறும் மண்.

"இவ்ளோ பெரிய தோப்புல எங்கப்பா நட்ட மரம்தான் கெடச்சுதா இவளுக்கு?"

குரல் அவன் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. திரும்பினான். இப்திசாமுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவன் சட்டையின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஒரு கால் வெறுங்காலாக இருந்தது.

அந்தக் காலின் செருப்பு, நூகா உட்கார்ந்தபோதே அவள் தாண்டி ஓடிவந்த சுவரடியில் கவிழ்ந்து கிடந்தது.