தூரிகை கழுவுன தண்ணி

"பென்சிலா? ஏம்மா இந்துப்ரியா, இதென்ன ஸ்கூல் ட்ராயிங் கிளாஸா?"

ராமதாஸ் அண்ணன் போட்ட சத்தத்துல திருப்பரங்குன்றம் தெருவே திரும்பிப் பார்த்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில கூடி வரையுற எங்க குழுவுக்கு அவர்தான் தலைவர். அன்னைக்குப் போட்டி வேற.

"இல்லண்ணே, லேசா கோடு போட்டுக்கிட்டு, அப்புறம் இங்க்..."

"நேர்ல பார்க்கணும். பார்த்ததைப் பேனாவுல நேரா போடணும். பென்சில், போன்ல போட்டோ எதுவும் கூடாது. தொட்டா போட்டியில இருந்து அவுட்!"

எல்லாரும் சிரிச்சோம். நானுந்தான். புதுசா சேர்ந்த பொண்ணு, கண்ணு கலங்கிருச்சு.

அண்ணன் மரத்தடியில ஜம்முனு உட்கார்ந்து தெருமுனை மண்டபத்தை வரைஞ்சார். தண்ணி பட்டாலும் கரையாத இங்க். தூணெல்லாம் நறுக்குனு நின்னுச்சு. அப்புறம் சாம்பல் வண்ணத்தைத் தண்ணியில கரைச்சு, ஒவ்வொரு தூணுக்கும் நிழல் பூசினார்.

"நடுவர் வாராரு!"ன்னு யாரோ சொன்னாங்க.

அப்பத்தான் இந்துப்ரியா தூரிகை கழுவுற டம்ளரோட அவரைத் தாண்டிப் போனா. மொத்தத் தண்ணியும் அவர் படத்து மேல!

"அடிப்பாவி!" எங்க குழு கனகா அக்கா பாஞ்சு வந்தாங்க. "வேணும்னேதான் ஊத்துனா, நான் பார்த்தேன். அண்ணே, இவளைக் குழுவை விட்டுத் தூக்குங்க!"

எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. திட்டுனதுக்குப் பழி வாங்கிட்டாளே, எம்புட்டு நெஞ்சழுத்தம்!

அண்ணன் கத்த வாயைத் திறந்தார். அதுக்குள்ள அவ குனிஞ்சு, டிஷ்யூவால படத்தை ஒத்தி எடுத்துக்கிட்டே அவர் காதுல ஏதோ சொன்னா. நிழல்தான் போயிருந்துச்சு. இங்க் கோடு ஒண்ணும் கலையலை.

அண்ணன் சட்டுனு படம் வச்சிருந்த அட்டையை மடியோட சேர்த்து அணைச்சுக்கிட்டார்.

"விடுங்கப்பா. பாவம், கை தவறிருச்சு"ன்னு சொல்லிட்டு, அவசர அவசரமா மறுபடி நிழல் பூச ஆரம்பிச்சார். இந்தத் தடவை தூணுக்கு எதிர்ப் பக்கம்.

இந்துப்ரியா சொன்னது பக்கத்துல இருந்த எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு.

"அண்ணே, காலை வெயிலுக்கு நிழல் மேக்க விழுகுது, நீங்க கிழக்க பூசியிருக்கீங்க. நடுவர் பார்த்துருவாருன்னுதான் தண்ணிய ஊத்துனேன். அட்டைக்கு அடியில இருக்க போனை முதல்ல மறைங்க, அதுல இருக்கது சாயங்காலம் எடுத்த போட்டோ. கூட்டத்துக்கு நடுவுல அவமானப்பட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ணே."