ஓலைத்தொப்பி

"பூட்ஸைப் போடு."

"மாட்டேன் சார்."

எண்ணூர் மைதானத்தில் கூடியிருந்த ஆபீசர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் சுப்பராயனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவருடைய ஆலையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவன் ஜெயவேல். அவனா நாலு பேர் முன்னால் இப்படிச் சொல்வது?

கோல்ஃப் மைதானம் என்று பெயர்தான். மணல், சவுக்கு, முள்ளுப்புதர். பந்து விழுகிற குழிக்கு டால்டா டப்பாவைப் புதைத்திருந்தார்கள். சுற்றுவட்டார ஆலைகளின் ஆபீசர்கள் ஞாயிறுதோறும் இங்கே லீக் ஆடுவார்கள். ஆட்டத்தில் கடைசியாக வருகிறவர் கட்டுமரக்காரர்களின் ஓலைத்தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குப் போகவேண்டும் என்பது ஏற்பாடு. முன்பெல்லாம் அந்தத் தொப்பிக்குச் சுப்பராயனின் தலைதான் பிடிக்கும். மூன்று வருஷமாக ராசி திரும்பிவிட்டது.

ஜெயவேல்தான் அவருக்கு மட்டைப்பை தூக்குகிறவன். காலணா வாங்கமாட்டான், தானாகக் கேட்டுக்கொண்டு வந்தவன். 'மேனேஜர் மேல் அவ்வளவு மரியாதை' என்று சுப்பராயன் வீட்டில் பெருமையடித்துக்கொள்வார். அந்த மரியாதை இன்றைக்கு எங்கே போயிற்று?

"சார், பையத் தூக்கினு வெயில்ல ஓடியாரேன். பந்து எங்க வுழுந்தாலும் முன்னால போய்த் தேடிப் புடிச்சி நிக்கிறேன். காலு மட்டும் என்னுது. அத்த வுட்டுடுங்க."

"விடுங்க சுப்பராயன். அவன் கால், அவன் இஷ்டம்" என்றார் துறைமுக இன்ஜினீயர் கமால்.

"அதெப்படி? வெறுங்காலோட யாரும் உள்ள வரக்கூடாதுன்னு போன வாரம் சட்டம் கொண்டுவந்ததே நான்தான். லீக்குக்குன்னு ஒரு கௌரவம் வேணாமா? என் ஆளே மீறினா?" என்ற சுப்பராயன் ஜெயவேல் பக்கம் திரும்பினார். "பூட்ஸ் போடறதா இருந்தா இரு. இல்லாட்டி நடையைக் கட்டு. பை தூக்க வேற ஆள் கிடைக்காமலா போயிடும்?"

ஜெயவேல் வாசல் பக்கம் பார்த்தான். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரது?" என்றார் கமால்.

"தாயம்மா. இவ புருஷன் பரசுராமன் நைட் ஷிஃப்ட்ல மெஷின் பக்கத்துலயே தூங்கிட்டான். வேலையில வெச்சுக்கறதா வேணாமான்னு நாளைக்கு நான் முடிவு சொல்லணும். அழுது காரியம் சாதிக்கலாம்னு வந்திருப்பா. விளையாட்டு வேற, வேலை வேற சார். ஞாயித்துக்கிழமை நான் ஃபைலை மனசால கூடத் தொடமாட்டேன்."

ஜெயவேல் பல்லைக் கடித்துக்கொண்டு பூட்ஸை மாட்டினான்.

"போட்டுகினேன் சார். அப்பால என்னியச் சொல்லக்கூடாது."

"நான் ஆடற ஆட்டத்துக்கும் உன் காலுக்கும் என்னடா சம்பந்தம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு சுப்பராயனுக்கு முதல் குழி வரைக்கும்கூட நீடிக்கவில்லை.

அவர் அடித்த பந்து முள்ளுப்புதருக்குள் போயிற்று. போவது வழக்கம்தான். ஆனால் அவர் மெல்ல நடந்து போய்ச் சேரும்போது, பந்து புதருக்கு வெளியே சமதரையில் முத்து மாதிரி உட்கார்ந்திருக்கும். இன்றைக்குப் புதரின் நட்டநடுவில் கிடந்தது. பக்கத்தில் ஜெயவேலும் கிடந்தான். பூட்ஸ் தடுக்கி முள்ளில் விழுந்திருந்தான்.

அடுத்த குழியிலும் அதே கதை. அதற்கடுத்ததில் பந்து சவுக்கு வேருக்குள் மாட்டிக்கொண்டது. சுப்பராயன் முட்டி போட்டு அடித்துப் பார்த்தார், திட்டிக்கொண்டே அடித்துப் பார்த்தார். வேர்தான் பெயர்ந்தது.

கடைசியில் கமால் ஓலைத்தொப்பியைக் கொண்டுவந்து அவர் தலையில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். சுப்பராயனும் சிரித்த மாதிரி பல்லைக் காட்டிவிட்டு, விறுவிறுவென்று காரை நோக்கி நடந்தார். 'காலையில் முதல் வேலை பரசுராமன்தான். தூங்கினவனுக்கு என்ன தயவு வேண்டிக் கிடக்கு?'

தாயம்மா ஓடி வந்தாள். காலில் விழப்போகிறாள் என்று அவர் ஒதுங்கினார். அவளோ அவரைத் தாண்டிப் போய், பின்னால் வந்த ஜெயவேலிடம் கேட்டாள்.

"அண்ணே, சார் கெலிச்சிட்டாரா?"

கேட்ட பிறகுதான் தொப்பியைப் பார்த்தாள். "அய்யோ, போச்சே!" என்று குழந்தையோடு மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

சுப்பராயனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் தோத்தா இவ எதுக்குடா அழறா?"

ஜெயவேல் பூட்ஸைக் கழற்றிக் காரின் பானெட் மேல் வைத்தான். "இனிமே இத்தப் போடமாட்டேன் சார். வேலைய வுட்டே தூக்கினாலும் சரி."

பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து ஓரத்துப் புதருக்குள் போட்டான். குனியவில்லை, கையை நீட்டவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் சும்மா நடக்கிற மாதிரிதான் தெரியும். கால் விரலால் பந்தைக் கவ்வி வெளியே கொண்டுவந்து சமதரையில் வைத்தான். முத்து மாதிரி உட்கார்ந்தது.

"மூணு வருசமா உங்க ராசி இதான் சார்."

"அடப்பாவி! என்னைத் திருட்டு ஆட்டம் ஆட வெச்சிருக்கியே!" தொப்பி சரிந்து கண்ணை மறைத்தது, பிடித்துத் தள்ளினார். "நான் உன்னைக் கேட்டேனா? நான் கெலிச்சு உனக்கென்னடா ஆகணும்?"

ஜெயவேல் தலையைக் குனியவில்லை. அவர் கண்ணைப் பார்த்தே சொன்னான்.

"விளையாட்டு வேற, வேல வேறன்னு நீங்க சொல்லிக்கிறீங்க சார். ஆனா நீங்க இந்தத் தொப்பியப் போட்டுகினு வூட்டுக்குப் போன மறுநாளு, எங்கள்ள ஒருத்தனாவது மெமோ வாங்காத திங்கக்கெழமைய நாங்க பாத்ததே இல்ல."